பேட்ரிசியா நினைவு உரை

பொது உரைக்கு ஏற்ற நேரம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தான். மதியம் சாப்பிட்ட சோறு கொஞ்சம் இறங்கியிருக்கும். இரவுச் சமையலுக்கு இன்னும் நேரம் இருக்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஏர்கோன் ஓடினால், பிரெஞ்சுப் புரட்சி என்றாலும் சரி, மன்னர் வீட்டுத் தோட்டம் என்றாலும் சரி, மக்கள் உட்கார்ந்து கேட்பார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் கஸ்தூரி. தங்காக்கிலிருந்து பெர்மாஸ் ஜெயாவுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். பேட்ரிசியா ஆற்றில் இறந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அன்று நான் உங்களிடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது முழுமையாக இல்லை. அதனால்தான் போன் செய்து வரச் சொன்னேன். பதிவு செய்துகொள்ளுங்கள். நான் மெதுவாகத்தான் பேசுவேன், பழக்கம்.

நான் பிறந்தது உங்கள் தங்காக் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்தில். வேலை பார்த்தது சிங்கப்பூரில், ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில். பிரான்சிலிருந்து வரும் விருந்தினர்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு வணக்கம் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். அதற்காகத்தான் பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். மாலை வகுப்புக்குப் போனேன், கேசட் கேட்டேன். ஜோகூர் பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும்போதெல்லாம் படித்தேன். மொழிக்குப் பிறகு ஓவியம், ஓவியத்துக்குப் பிறகு வரலாறு என்று அது வளர்ந்தது. மனைவி இறந்து, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு, கமலநாதனின் டியூஷன் சென்டர் மாடியில் உரைத் தொடரைத் தொடங்கினேன். பிரெஞ்சுக் கலை, வரலாறு, பண்பாடு, எல்லாம் தமிழில், அனுமதி இலவசம்.

முதலில் வந்தவர்கள் கீழே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த அம்மாக்கள். ஏர்கோனுக்காகத்தான் ஏறி வந்தார்கள், எனக்குத் தெரியும். ஆனால் தங்கினார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் மலர் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. கரிபாப் சுட்டு எடுத்து வருவார். ஷர்மைன் என்ற பெண், சிங்கப்பூரில் டிசைன் வேலை பார்ப்பவள், போஸ்டர் செய்து கொடுத்தாள். சந்தையில் மீன்காரர்கூட என்னை ‘பிரெஞ்சு அங்கிள்’ என்று கூப்பிடத் தொடங்கினார். நான் திரும்பிப் பார்ப்பேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பிரான்சுக்குப் போனதில்லை.

போனேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. போகவில்லை என்றும் சொன்னதில்லை. பாரிசில் மழை விட்டதும் கல் பாவிய தெருவில் விளக்கின் மஞ்சள் நீளமாக இழுபட்டுக் கிடக்கும் என்று நான் சொன்னால், அங்கே நின்று பார்த்துவிட்டு வந்தவன் என்று அவர்களாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு தடவை மலர் கேட்டார்:

“அங்க குளிரு தாங்குமா அண்ணே?”

“சட்டை சரியாப் போட்டா தாங்கும்மா” என்றேன். அது எந்த ஊருக்கும் பொருந்தும்.

பேட்ரிசியா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எங்கள் தேவாலயத்துக் குடும்பம்தான். பிரான்சில், லியோன் நகரத்தில் ஒரு பள்ளியில் வெகுகாலம் ஆங்கிலம் கற்பித்தவள். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். உரை முடிந்ததும் என்னிடம் வந்து பிரெஞ்சில் பேசினாள். நான் பதில் சொன்னேன். இரண்டாவது வாக்கியத்திலிருந்து எனக்காக அவள் வேகத்தைக் குறைத்தாள். மற்ற யாருக்கும் அது தெரிந்திருக்காது.

அவளைப் பேச அழைத்தது நான்தான். அதில் என் பெருந்தன்மையைக் கவனியுங்கள்.

முதல் உரைக்கு அவள் வீட்டில் சுட்ட நீள ரொட்டிகளைக் கொண்டுவந்து வரிசை வரிசையாகக் கொடுத்தாள். “காதுகிட்ட வச்சு அழுத்துங்க. சத்தம் கேக்குதா? கேக்கலன்னா கடைக்காரன் உங்கள ஏமாத்திட்டான்னு அர்த்தம்” என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. ரொட்டியிலிருந்து பஞ்சத்துக்குப் போனாள். பஞ்சத்திலிருந்து, அரண்மனையை நோக்கி நடந்த பெண்களுக்குப் போனாள். அதே பெண்களைப் பற்றி நானும் பேசியிருக்கிறேன், ஆண்டும் மாதமும் தவறாமல். என் உரைக்குத் தலையாட்டினார்கள். அவளுடைய உரைக்கு மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஸ்கூடாயிலிருந்தும் கூலாயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நாற்காலி போதாமல் தேவாலயத்திலிருந்து இரவல் வாங்கினோம். வகுப்பு முடிந்த பிள்ளைகள் கீழே உட்கார்ந்து அம்மாக்களுக்காகக் காத்திருந்தார்கள். ஷர்மைன் செய்த போஸ்டரில் முதலில் என் பெயருக்குக் கீழே பேட்ரிசியாவின் பெயர் இருந்தது. பிறகு இரண்டும் ஒரே வரியில் வந்தன. பிறகு ஒருநாள் ‘வரவேற்புரை: ரபேல்’ என்று வந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டேன். எனக்கு இருந்தது தரத்தைப் பற்றிய கவலை. அவள் ஆண்டுகளில் தவறு செய்வாள். ஒரு தடவை ஒரு மன்னரின் பட்டாபிஷேக ஆண்டை மாற்றிச் சொன்னபோது என் இடத்திலிருந்தபடியே திருத்தினேன். அவள் உடனே, “பாத்தீங்களா, இதுக்குத்தான் நமக்கு அங்கிள் வேணும். அங்கிளுக்கு ஒரு கைதட்டு குடுங்க” என்றாள். தட்டினார்கள். பள்ளிக்கூடப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கிய பையனுக்குத் தட்டுவது போல இருந்தது. அப்படிப்பட்டவளை என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

ஒருநாள் உரை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். நாங்கள் இருவர் மட்டும்தான்.

“அங்கிள், நீங்க கடைசியா எப்ப போனீங்க அங்க?”

“அதெல்லாம் பழைய கதம்மா” என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மீதி நாற்காலிகளை எடுத்து அடுக்கினாள். புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து, யாராவது என்னிடம் அந்த ஊரைப் பற்றிக் கேள்வி கேட்டால், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் பதில் சொல்லிவிடுவாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். ஒவ்வொரு ஞாயிறும் அவளால் காப்பாற்றப்பட்டு வீட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாக அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, ஓவியர்கள் அறையை விட்டு வெளியே வந்த கதை. வண்ணத்தைத் தகரக் குழாயில் அடைத்து விற்கத் தொடங்கிய பிறகுதான் ஓவியர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கும் வயலுக்கும் போனார்கள். வெளிச்சம் மாறுவதற்குள் தீட்டியாக வேண்டும். ஒரே வைக்கோல் போரைக் காலையில் ஒரு விதமாக, மாலையில் ஒரு விதமாகத் தீட்டினார்கள். இதைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

“வெளிச்சத்தப் பத்தி லைட்ட அணைச்சுட்டு ரூம்ல உக்காந்து பேசுறது எனக்கே சிரிப்பா இருக்கு. அடுத்த உரைய ஒரு ஆத்தங்கரையில வச்சுக்கலாமா? எல்லாரும் பெயிண்ட் பண்ணலாம்.”

எந்த ஆறு என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். “அங்கிள் தங்காக் பக்கத்து ஆளுதானே” என்றார் கமலநாதன். லேடாங் மலையடிவாரத்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஓடையைச் சொன்னேன். அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. அந்தக் கேள்வி உங்களுக்கு வரும் என்பதால் சொல்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் ஒன்றைக் கேட்டார்கள், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பஸ் பிடித்துக் காலையில் கிளம்பினோம். தங்காக்கில் நிறுத்தினால்தான் ஆயிற்று என்று பெண்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அந்த ஊர்த் துணிக்கடைகளைப் பார்க்காமல் யார் தாண்டிப் போவார்கள். ஒரு கடையில் துணிச் சுருள்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது ஷர்மைன் என் பக்கத்தில் வந்தாள்.

“அங்கிள், நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. இன்னிக்கு சாப்பிட்டு முடிச்சதும் உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு.”

“என்னம்மா?”

“உங்கள பாரிசுக்கு அனுப்பப் போறோம் லா. டிக்கெட் போட்டாச்சு. தங்குறதுக்கு ஆண்ட்டியோட பிரெண்டு வீடு. எல்லாம் பேட்ரிசியா ஆண்ட்டியோட ஐடியாதான்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க ஒரு தடவகூட போனதில்லன்னு ஆண்ட்டி சொன்னப்ப, அலமாக், என்னால நம்பவே முடியல. போகாமலே இவ்ளோ சொன்னீங்களா?”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“எல்லாருக்கும்தான். மலர் ஆண்ட்டி அழுதுட்டாங்க தெரியுமா?”

நான் ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஏறியதும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். எத்தனை நாளாக அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்களோ. மழை விட்ட தெருவைப் பற்றி நான் பேசியபோது முன்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யார் யாருக்கு அப்போதே தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். பேட்ரிசியா முன்சீட்டிலிருந்து திரும்பி, “அங்கிள், ஜன்னல் பக்கம் வேணுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஓடையில் அன்று தண்ணீர் குறைவு. பாறைகள் காய்ந்திருந்தன. எங்களுக்கு மேலே நல்ல வெயில். மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது. எல்லோரும் கரையோரம் அட்டையும் தூரிகையுமாக உட்கார்ந்தார்கள். பேட்ரிசியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையின் நடுவில் இருந்த ஒரு தட்டைப் பாறைக்குப் போய், தண்ணீரில் காலை விட்டபடி தீட்டத் தொடங்கினாள். நான் வரையவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலைக்கு மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எத்தனையோ பேரைத் தூக்கியிருப்பீர்கள். அது வருவதற்கு முன்னால் ஆள் அனுப்பிவிட்டுத்தான் வரும். முதலில் இலையும் சுள்ளியும் மிதந்து வரும். பிறகு தெளிந்த தண்ணீர் கலங்கும். பிறகு ஒரு குளிர்ந்த காற்று. கடைசியில்தான் சத்தம். தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். பெர்மாஸ் ஜெயாவில் வளர்ந்து லியோனுக்குப் போனவளுக்குத் தெரியாது.

இலைகள் வருவதை நான் பார்த்தேன்.

“சாப்பாடு ஆறிப்போகுது. எல்லாரும் மேல வாங்க” என்று கூப்பிட்டேன். இது உங்கள் கோப்பில் இருக்கிறது. எல்லோரும் அப்படியே சொல்லியிருப்பார்கள். மலருக்கு முழங்கால் வலி, கை கொடுத்து மேடு வரைக்கும் ஏற்றிவிட்டேன். தூரிகை கழுவப் போகிறேன் என்று ஷர்மைன் மறுபடி இறங்கப் பார்த்தாள். “அப்புறம் கழுவிக்கலாம்மா” என்று தடுத்தேன். கமலநாதனின் செருப்பு கரையில் கிடந்தது. அதைக்கூட எடுத்து மேலே வைத்தேன். நாங்கள் மேட்டில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சத்தம் வந்தது. பேட்ரிசியா எழுந்து நின்றாள். எங்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் பாறையே இல்லை. மறுநாள் காலையில் உங்கள் ஆட்கள் அவளைக் கீழே பனைத்தோட்டத்துப் பாலத்தருகில் எடுத்தார்கள்.

அடக்கத்துக்குப் பிறகு அவள் அம்மாவைப் பார்க்க வாரம் ஒரு முறை போகிறேன். கஞ்சி வாங்கிக்கொண்டு போவேன். ஒரு பக்கம் வராது, பேச்சும் குழறும். என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியில நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே” என்றார். ஆமாம் என்றேன். அதுவும் பொய் இல்லை. பாரிஸ் டிக்கெட்டை மலர் என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். “அவ ஆசப்பட்டது அண்ணே. வீணாக்கிராதீங்க” என்றார். மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். மனசாட்சி உறுத்தியது என்று நீங்கள் நினைத்தால், அப்படி எதுவும் இல்லை. நன்றாகத்தான் தூங்குகிறேன். போன ஞாயிறு நடந்ததுதான் காரணம்.

போன ஞாயிறு அவளுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அந்த மாடிக்கு அவ்வளவு கூட்டம் ஒருநாளும் வந்ததில்லை. படிக்கட்டிலெல்லாம் நின்றார்கள். மேசையில் அவள் படம், நான் வழக்கமாகப் பேசும் இடத்தில். கமலநாதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். “எல்லாரும் சாப்பாடுன்னதும் எந்திரிச்சு வந்துட்டோம். அவங்க மட்டும் வரல. வெளிச்சத்த விட்டுட்டு வர அவங்களுக்கு மனசு வரல. கலைக்காகவே உக்காந்திருந்தாங்க, கலைக்காகவே போயிட்டாங்க” என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு, இனி இந்தத் தொடருக்குப் பேட்ரிசியா நினைவு உரைகள் என்று பெயர் என்று அறிவித்தார். முதல் நினைவு உரையை நான் ஆற்ற வேண்டுமாம்.

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவளாகவே அங்கே உட்கார முடிவு செய்தாள் என்று அத்தனை பேரும் நம்புகிறார்கள். அது வரலாற்றுப் பிழை. நடந்தது இதுதான், பதிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லோரும் மேலே ஏறிய பிறகு நான் ஓடைக் கரைக்குத் திரும்பி இறங்கினேன். அப்போது தண்ணீர் கலங்கத் தொடங்கியிருந்தது. பேட்ரிசியா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

“அங்கிள், தண்ணியோட கலர் மாறுது பாருங்க. பால் ஊத்தாத தே ஓ மாதிரி என்னா அழகா இருக்கு. இப்பத்தான் எனக்குக் கையே ஓடுது. நானும் வரணுமா, இல்ல கொஞ்சம் இருக்கவா?”

என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டாள். அதற்கு முன்னால் அவள் என்னிடம் எதையும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதே இல்லை.

நான் தண்ணீரைப் பார்த்தேன். அவள் கணுக்காலில் இருந்த தண்ணீர் கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது. குளிர்ந்த காற்றும் வந்துவிட்டது. மேட்டுக்கு ஓட அவளுக்கு இன்னும் நேரம் இருந்தது.

“நீ இரும்மா” என்றேன். “இப்பத்தான் வெளிச்சம் நல்லா வருது. பாதியில எந்திரிச்சா இந்தக் கலர் மறுபடி கெடைக்காது. உன் சாப்பாட்ட நான் எடுத்து வைக்கிறேன்.”

“தேங்க்ஸ் அங்கிள்” என்று சொல்லிவிட்டு அட்டைப் பக்கம் குனிந்துகொண்டாள்.

நான் மேலே ஏறி வந்தேன். அவளுக்கு ஒரு பொட்டலத்தைத் தனியாக எடுத்து வைத்தேன், சொன்னபடியே. அதற்குப் பிறகு நடந்தது ஆற்றின் வேலை, அதில் நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் அவளை அங்கே உட்கார வைத்தது கலையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. நான். கமலநாதனிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள், இன்ஸ்பெக்டர். அடுத்த ஞாயிறு அந்த மேசைக்கு முன்னால் யார் பேசினாலும், என் பெயரை விட்டுவிடக் கூடாது.